'கம்பளி போர்த்துங்கள்' என்கிறோம், எந்தக் கம்பளி?

துணிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்று தெரிந்தால் போதும், மலைப்பக்கம் போய் வந்தவர்கள் ஒரு ஸ்வெட்டரை எடுத்து வந்து நீட்டுவார்கள். "ப்யூர் வூல்னு சொல்லித்தான் குடுத்தாங்க, கொஞ்சம் பாருங்களேன்." பார்த்தால் பெரும்பாலும் அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக் வகைச் செயற்கை இழை. குளிருக்குப் போடுகிற எல்லாவற்றையும் 'வூலன்' என்று சொல்லியே கடைக்காரர்களுக்குப் பழகிவிட்டது. பின்னலுக்கு வாங்கும் 'உல்லன் நூல்' உருண்டையும் அநேகமாக அதே அக்ரிலிக்தான். நம்மூர்க் குளிருக்கு அது தாராளமாகப் போதும். விலை குறைவு, துவைப்பது சுலபம், பூச்சியும் அரிக்காது.

என் கவலை நெருப்பைப் பற்றியது. உடையில் தீப்பிடித்தால் கம்பளியைப் போர்த்தி அணைக்க வேண்டும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். சரியான அறிவுரைதான், ஆனால் அது ஆட்டு ரோமக் கம்பளியை மனதில் வைத்துச் சொன்னது. இன்று வீடுகளில் இருக்கும் பளபளப்பான, பூப்போட்ட, மெத்தென்ற 'மிங்க்' போர்வைகள் பெரும்பாலும் பாலியெஸ்டர். அது சூட்டில் உருகும். எரிகிறவர் மேல் அதைப் போட்டால் உருகிய பிளாஸ்டிக் தோலோடு ஒட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

ஆட்டு ரோமம் நம் தலைமுடி போலவே கெரட்டின் என்னும் புரதம். நைட்ரஜனும் கந்தகமும் அதில் கலந்திருக்கின்றன. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக்கூட உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இவையெல்லாம் சேர்ந்துதான் அதை எளிதில் தீப்பற்ற விடுவதில்லை. ஒரு பொருள் தொடர்ந்து எரியக் காற்றில் குறைந்தது எவ்வளவு ஆக்ஸிஜன் வேண்டும் என்று எங்கள் துறையில் அளப்பார்கள். கம்பளிக்குச் சுமார் 25 சதவீதம், அக்ரிலிக்குக்குச் சுமார் 18. நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பது 21. அதனால்தான் தீயை விலக்கியதும் கம்பளி தானே அணைந்துவிடப் பார்க்கிறது, அக்ரிலிக் விடாமல் எரிகிறது.

வீட்டிலேயே சோதிக்கலாம். உள்தையலிலிருந்து ஓர் இழையை உருவுங்கள். இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டுக்கு மேலே வைத்து, தீக்குச்சியைக் காட்டுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். கம்பளி சுருண்டு பின்வாங்கும், முடி கருகும் நாற்றம் வரும். மிஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகியபடி கரும்புகையோடு எரியும். ஆறியபின் பார்த்தால் நசுங்காத கெட்டி மணியாகத் திரண்டிருக்கும். கலப்பு நூலில் இரண்டும் கலந்து தெரியும்.

(பஷ்மினா, அதாவது காஷ்மீர்ப் பக்கத்து வெள்ளாட்டின் மெல்லிய ரோமம் என்று சொல்லி மோதிரத்துக்குள் சால்வையை இழுத்துக் காட்டுவார்களே, அதை நம்பாதீர்கள். மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் இழையில் நெய்த மெல்லிய சால்வையும் மோதிரத்துக்குள் போகும். விஸ்கோஸை எரித்தால் காகிதம் எரியும் வாசனைதான் வரும். செம்மறி ஆட்டு ரோமமா பஷ்மினாவா என்பதை இந்தச் சோதனை சொல்லாது, அதற்கு மைக்ராஸ்கோப் வேண்டும்.)

வாங்கும்போது கடைக்காரர் வாய்ச்சொல்லை விட்டுவிட்டு, உள்ளே தைத்திருக்கும் சிறு பட்டியைப் பாருங்கள். எந்த இழை எத்தனை சதவீதம் என்று அதில் இருக்க வேண்டும். தூய கம்பளிக்கு அடையாளமாக 1964-இல் வந்த வூல்மார்க் முத்திரை இருந்தால் நல்லது, ஆனால் முத்திரையையும் போலியாக அச்சடிக்கிறார்கள்.

அக்ரிலிக் ஸ்வெட்டர், சால்வை போட்டுக்கொண்டு அடுப்படியிலோ குளிர்காயும் நெருப்பருகிலோ நிற்காதீர்கள். தொங்கும் சால்வை முனைதான் முதலில் தீயைப் பிடிக்கும். மீறித் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் தண்ணீரை ஊற்றலாம், அல்லது தடித்த பருத்தி ஜமுக்காளத்தால் மூடலாம், நனைத்தது என்றால் இன்னும் நல்லது. அப்புறம், தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். புண்ணின் மேல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். பேஸ்ட், மை எதுவும் தடவாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டில் ஒரு நிஜக் கம்பளி வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், கர்நாடகம், தெலங்கானா பக்கம் தக்காணி இனச் செம்மறி ஆட்டு ரோமத்தில் நெய்யும் முரட்டுக் கறுப்புக் கம்பளி கிடைக்கும். அதன் தடித்த இழை உடம்பைக் குத்தும் என்பதால் போர்த்தித் தூங்க யாருக்கும் பிடிக்காது. ஆனால் அடுப்படிப் பக்கம் மடித்து வைக்க அதுதான் சரி. அவ்வப்போது வெயிலில் உதறிப் போடுங்கள், அந்துப்பூச்சி அண்டுவது குறையும்.