அழற்சியைத் தொடங்கும் புரதம், தன்னையே அடக்கும் விதம்

காலில் முள் குத்திய இடம் சில மணி நேரத்தில் சிவந்து வீங்குகிறது, தொட்டால் சுடுகிறது. இந்த அழற்சியை மூட்டுவதில் பெரும்பங்கு நம் வெள்ளையணுக்களுக்குத்தான். அதற்கு வேண்டிய டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 போன்ற புரதங்களின் மரபணுக்கள் அவற்றின் டிஎன்ஏவில் எப்போதும் உண்டு. ஆனால் வேளை வரும்வரை பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். எந்த மரபணு எப்போது விழிக்க வேண்டும் என்பதை, டிஎன்ஏ மேல் போய் அமர்ந்து தீர்மானிக்கும் புரதங்களுக்குப் படியெடுத்தல் காரணிகள் என்று பெயர். அழற்சி விஷயத்தில் அவற்றுள் முதன்மையானது என்எஃப்-கப்பா பி.

1986-ல் அமெரிக்காவில் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் இதைக் கண்டபோது, அழற்சியைத் தேடிப் போகவில்லை. கிருமிகளைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் என்ற புரதத்தின் ஒரு பகுதியான கப்பா சங்கிலிக்கான மரபணுவை, எதிர்ப்பொருளை உருவாக்கும் வெள்ளையணுக்களான பி செல்கள் எப்படி இயக்குகின்றன என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயர் வந்த வழி அதுதான். பி செல்களுக்கே உரிய புரதம் என்றுதான் முதலில் தோன்றியது. அதே ஆண்டில் வேறு செல்களைத் தூண்டிப் பார்த்தபோது அங்கும் அது தலைகாட்டியது. புதுப் புரதம் எதுவும் உருவாகாமல் தடுத்துவைத்தாலும் தலைகாட்டியது! அப்படியென்றால் செல் அதை அவசரமாகச் செய்யவில்லை. முன்பே செய்து, கட்டி வைத்திருக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

கட்டி வைத்திருப்பது ஐகப்பாபி என்ற இன்னொரு புரதம். உட்கருவுக்குள் நுழைவதற்கான அடையாளத்தை அது மூடிக்கொள்வதால், என்எஃப்-கப்பா பி வெளியிலேயே காத்துக் கிடக்கிறது. மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளையணு, பாக்டீரியாவின் மேலுறைப் பொருளைத் தன் மேற்பரப்பில் உள்ள டிஎல்ஆர்4 என்ற உணர்வுப் புரதத்தால் (ஏற்பி) உணர்ந்ததும், உள்ளே ஐகேகே என்ற நொதி விழிக்கிறது. அது ஐகப்பாபி மீது பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அந்தக் குறி விழுந்த ஐகப்பாபியைச் செல்லின் கழிவு அரைக்கும் இயந்திரமான புரோட்டியசோம் சிதைத்துவிடுகிறது. சில நிமிடங்களில் என்எஃப்-கப்பா பி உட்கருவுக்குள்!

அங்கே எல்லாக் கதவும் திறந்திருக்காது. டிஎன்ஏ சுருண்டு கிடக்கிறது. மேக்ரோஃபேஜில் எந்தப் பகுதி திறந்திருக்கும் என்பதை பியூ.1 போன்ற காரணிகள் முன்பே ஏற்பாடு செய்து வைத்திருக்கின்றன. ஒரே என்எஃப்-கப்பா பி வெவ்வேறு செல்களில் வெவ்வேறு மரபணுக்களை எழுப்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, தொடங்கிய தீ எப்படி அணைகிறது? என்எஃப்-கப்பா பி வேகமாக எழுப்பும் மரபணுக்களில் ஒன்று, ஐகப்பாபியின் ஒரு வகையான ஐகப்பாபி-ஆல்ஃபாவின் மரபணு. தன்னைக் கட்டும் கயிற்றைத் தானே திரிக்கிறது! புதிதாக உருவான ஐகப்பாபி உட்கருவுக்குள் போய், அதை டிஎன்ஏவிலிருந்து பிரித்து வெளியே இழுத்து வருகிறது. தூண்டுதல் நீடித்தால் மறுபடி அவிழும், மறுபடி கட்டும். டிஎன்எஃப் தொடர்ந்து ஊட்டப்பட்ட செல்களில் ஏறத்தாழ 100 நிமிடத்துக்கு ஒருமுறை அது உள்ளே போய் வெளியே வருவதை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். ஐகப்பாபி-ஆல்ஃபா இல்லாமல் பிறந்த எலிக்குட்டிகள் பத்து நாட்கள்கூடத் தாங்கவில்லை.

டாக்டர்கள் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் கைவைப்பதும் இங்கேதான். அந்த ஸ்டீராய்டு பற்றிக்கொள்ளும் ஏற்பியே ஒரு படியெடுத்தல் காரணி. உட்கருவுக்குள் போய் என்எஃப்-கப்பா பியின் வேலையைக் குறுக்கிடுகிறது. அழற்சியை அடக்கும் மரபணுக்களையும் எழுப்புகிறது. 2020-ல் பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பை அது மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்ஸிஜனே தேவைப்படாத நோயாளிகளுக்கோ, அதே மருந்தால் பலன் தெரியவில்லை.