பழைய மெட்டுபோலக் கேட்டால் அது ‘பாரம்பரியம்’ ஆகிவிடாது

இசை உரிமங்களைப் பார்த்துக்கொடுக்கும் வழக்கறிஞர் நான். போன வாரம் ஒரு நாட்டுப்புறப் பாடகி வந்தார். ஆல்பத்தில் 11 பாட்டு. 8 பாட்டு மற்றவர்களுடையது. மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாம் முடிந்து அட்டையும் அச்சாகிவிட்டது. வெளியீட்டுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, “ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க சார்” என்று அட்டையை நீட்டினார். மூன்று பாட்டுக்கு நேரே, எழுதியவர் யாரென்றே தெரியாத பழம்பாட்டு என்ற பொருளில், ‘பாரம்பரியம்’ என்று போட்டிருந்தது. அதில் ஒன்றை எழுதியவர் இறந்து முப்பது வருஷம்கூட ஆகவில்லை. அவர் மகள் இருக்கிறார்.

எங்கே பிடித்தீர்கள் இந்தப் பாட்டை என்று கேட்டேன். “மேடையில கேட்டேன் சார். எல்லாரும் பாடுறாங்களே, ஊர்ப் பாட்டுதான்.”

இதே பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எல்லாரும் பாடுவதால் எழுதியவர் இல்லாமல் போய்விடுவாரா? தன்னானே என்று தொடங்கும், பேச்சுமொழியில் இருக்கும், மெட்டு நாலு சுரத்துக்குள் சுற்றிவரும். உடனே ஆதிகாலத்துப் பாட்டு என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த நடையில் இன்றைக்கும் ஒருவர் உட்கார்ந்து எழுதலாம், எழுதுகிறார்கள். எழுதியவர் ஒருவர் இருந்தால் பாட்டு அவருடையது. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி அவர் ஆயுள் முழுக்கவும், இறந்த பிறகு குறைந்தது 50 ஆண்டுகளும் உரிமை நிற்கும். இந்தியாவில் அது 60, பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 70.

தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டா 1939இல் ‘ம்பூபே’ என்ற பாட்டைப் பதிவுசெய்தார். அமெரிக்க நாட்டுப்புறக் குழுவினர் கையில் அது ஏதோ ஆப்பிரிக்கப் பழம்பாட்டாகப் புழங்கி, வேறு பெயர்களில் உலகமெல்லாம் ஓடியது. லிண்டா 1962இல் ஏழையாகவே இறந்தார். அவர் குடும்பத்தோடு உடன்பாடு ஏற்பட்டது 2006இல். அந்தப் பாட்டைப் பாடியவர்களில் எத்தனையோ பேர் நல்லவர்கள், பாட்டை நேசித்தவர்கள். யார் எழுதியது என்று விசாரிக்காததுதான் அந்தக் குடும்பத்தை இத்தனை வருஷம் காக்கவைத்தது.

நிஜமாகவே பழைய பாட்டாக இருந்தாலும் கவனம் வேண்டும். மூலப் பாட்டு பொதுச்சொத்து, சரி. ஆனால் நீங்கள் கேட்டுப் படித்த பதிவில் ஒருவர் சேர்த்த சரணமும், அவர் கட்டிய இசைக்கோர்வையும் அவருடையதாக இருக்கலாம். எந்தப் பதிவிலிருந்து எடுத்தீர்கள் என்று குறித்துவையுங்கள். முடிந்தால் பழைய தொகுப்பு நூலையோ ஆவணக் காப்பகப் பதிவையோ தேடிப்பிடித்து, அதிலிருந்து பாடுங்கள்.

‘கவர்’, அதாவது மற்றவர் பாட்டைத் திரும்பப் பாடிப் பதிவது, கூடவே கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் முதல் ஆல்பத்தில் (1962) 13 பாட்டு. அவரே எழுதியது இரண்டுதான். அமெரிக்காவில், ஒருமுறை முறையாக வெளியான பாட்டை, விதித்த ராயல்டியைக் கட்டி யாரும் திரும்பப் பதியலாம். உரிமையாளர் மறுக்க முடியாது. இந்தியாவில் இதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு இருக்கிறது. ஆனால் முதல் பதிவு நடந்த ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டி கட்ட வேண்டும், இது ‘கவர்’ பதிவு என்று அட்டையில் சொல்ல வேண்டும், வரிகளையும் இசையையும் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. சின்ன அளவில் வெளியிடுகிறவருக்கு உரிமையாளரிடம் நேரில் பேசி எழுத்தில் அனுமதி வாங்குவதுதான் பெரும்பாலும் கட்டுப்படியாகும்.

அப்புறம், ‘பெயர் போட்டுட்டேனே சார்’ என்று சொல்லாதீர்கள். பெயர் போடுவது வேறு, அனுமதி வாங்குவது வேறு. இரண்டையும் செய்யுங்கள். வீடியோ எடுப்பதானால் அதற்குத் தனி அனுமதி. அதை மறுக்க உரிமையாளருக்கு முழு அதிகாரம் உண்டு. யாரோ போட்ட கரோக்கி டிராக்கின் மேல் பாடினால் அந்த ஒலிப்பதிவுக்காரரையும் கேட்டாக வேண்டும்.

அந்தப் பாடகிக்காகக் கவிஞரின் மகளை அன்றைக்கே ஃபோனில் பிடித்தோம். பாட்டை ஒலிக்கவிட்டோம். முழுக்கக் கேட்டார். “அப்பா பேரப் போட்டுருங்கம்மா. ரெண்டாவது சரணத்துல ‘கரிசல்’னு பாடிருக்கீங்க, அப்பா எழுதுனது ‘தரிசு’. அத மட்டும் மாத்திப் பாடிருங்க” என்றார். அனுமதிக் கடிதம் மறுநாளே வந்தது. ஆனால் அந்த ஒரு சொல்லுக்காகத் திரும்ப ஸ்டூடியோ, திரும்ப மிக்ஸிங், புது அட்டை. வெளியீடு தள்ளிப்போனது.

தயவுசெய்து, பாட்டுப் பட்டியல் தயாரானதும் ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே எழுதியவர், மெட்டமைத்தவர், நீங்கள் கேட்ட பதிவு என்று மூன்றையும் நிரப்புங்கள். காலியாக நிற்கும் கட்டத்தில் ‘பாரம்பரியம்’ என்று எழுதிவிடாதீர்கள். காலியாகவே கொண்டுவாருங்கள், சேர்ந்து தேடுவோம். ஸ்டூடியோவுக்கு நாள் குறிப்பதற்கு முன்னால் வாருங்கள்.