எக்ஸ்பெடிஷனரி ஃபோர்ஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

முதல் உலகப் போர்க்காலம், 1917 ஜூன் 26. பிரான்சின் மேற்குக் கரையில் உள்ள சான்-நசேர் துறைமுகத்தில் அமெரிக்காவின் முதல் படைப்பிரிவுகள் வந்திறங்கத் தொடங்கின. முதல் அணியில் ஏறத்தாழ 14,000 பேர். ஜெர்மனி மீது அமெரிக்கா போர் அறிவித்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஜெனரல் ஜான் பெர்ஷிங் தலைமையேற்ற அந்தச் சேனையின் பெயர் 'அமெரிக்கன் எக்ஸ்பெடிஷனரி ஃபோர்சஸ்'.

அயல்நாட்டுக் களத்தில் போரிட அனுப்பப்படும் படையே எக்ஸ்பெடிஷனரி ஃபோர்ஸ். எக்ஸ்பெடிஷன் என்பதன் வேர் லத்தீன் 'எக்ஸ்பெதீரே'. 'எக்ஸ்' என்றால் வெளியே, 'பெஸ்' என்றால் கால். கட்டுண்ட காலை விடுவிப்பது என்பதே முதற்பொருள். அதிலிருந்து ஆயத்தப்படுத்துதல், பிறகு படையை அனுப்புதல் என்று பொருள் விரிந்தது. இதற்கு எதிர்ச்சொல் 'இம்பெதீரே', காலைக் கட்டுதல். ரோமானியர் படையோடு இழுத்துச் செல்லும் மூட்டை முடிச்சுகளையே 'இம்பெதிமெண்டா' என்றார்கள். நம் 'கால்கட்டு'தான்!

சரி, தமிழில்? 'பயணப் படை' என்றால் போர் காணாமல் போகிறது. 'படையெடுப்புப் படை' என்பது பெரும்பிழை. பெர்ஷிங்கின் வீரர்கள் பிரான்சைப் பிடிக்க வரவில்லை, அதற்குத் துணையாக வந்தார்கள். பழந்தமிழின் 'வஞ்சி'யும் மண்ணாசையால் பகைவர் நாட்டின் மேல் செல்வதுதான், ஆகவே அதுவும் ஒத்துவராது. 'செலவு' என்ற சொல்லுக்குப் போதல் என்ற அழகான பொருள் உண்டு. ஆனால் இன்று செலவுப்படை என்றால் எல்லோருக்கும் பணம்தான் நினைவுக்கு வரும்.

எக்ஸ்பெடிஷனரி ஃபோர்ஸ் என்ற பெயரில் இன்னொரு பொருளும் அடங்கியிருக்கிறது. அயல்மண்ணில் நின்றாலும் அது தனிப்படை, தன் தளபதியின் கீழேயே போரிடும். அமெரிக்க வீரர்களைத் தங்கள் படைகளில் கலந்து நிரப்பிக்கொள்ள பிரிட்டனும் பிரான்சும் மிகவும் விரும்பின. நெருக்கடி வேளைகளில் சில பிரிவுகளைக் கொடுத்துதவினாலும், சேனை தனித்தே இருக்க வேண்டும் என்பதில் பெர்ஷிங் உறுதியாக நின்றார். 1918 செப்டம்பரில் பிரான்சின் சான்-மியேல் போரில் 'முதல் சேனை' என்று பெயரிடப்பட்ட அமெரிக்கப் படை அவர் தலைமையிலேயே களமிறங்கியது.

அதனால் 'அயல்களப் படை' என்பதே பொருத்தம் என்பேன். சொல் சிறியது, படையெடுப்பு வாடையும் இல்லை. 'கடல்கடந்த படை' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தரைவழியே போகும் படைக்குப் பொருந்தாது.

இந்தியாவுக்கும் இந்தப் பெயர் புதிதல்ல. 1914இல் இங்கிருந்து போன படைகளுக்கு 'இந்தியன் எக்ஸ்பெடிஷனரி ஃபோர்ஸ்' ஏ, பி, சி என வரிசையாகப் பெயரிட்டார்கள். ஏ பிரிவு அந்தச் செப்டம்பரில் பிரான்சின் மார்செய் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கிய பி பிரிவில் பாளையங்கோட்டைப் பெயர் தாங்கிய 63ஆம் காலாட்படையும் இருந்தது. அப்புறம் இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூலையில், பிரேசிலின் அயல்களப் படை இத்தாலியின் நேப்பிள்ஸில் வந்திறங்கியது.