இன்டர்கூலருக்கு ஃபேன் போடும் முன் ஒரு காலண்டர் தாள்

ஏற்காடு சீசன் வந்துவிட்டால் எங்கள் பட்டறையில் ஒரே புகார்தான். "அடிவாரத்துல நல்லா இழுக்குதுண்ணா, பாதி வளைவு தாண்டினா பிக்கப் செத்துப்போகுது." சேலத்தில் பத்தொன்பது வருடமாக ஆட்டோ எலெக்ட்ரிக் வேலை பார்க்கிறேன், இதைக் கேட்டுக் காது பழகிவிட்டது. போன மே மாதம் டீசல் காரோடு வந்த ஒருவர் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னார். "இன்டர்கூலருக்கு ரெண்டு ஃபேன் போட்டேண்ணா. அதுக்கப்புறம் இன்னும் மோசம். நேத்து ஒன்பதாவது வளைவுல கருகின வாடை வேற."

கிரில்லைக் கழற்றி, எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு முன்னால் மாட்டியிருந்த ஃபேன்களை ஓடவிட்டேன். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து ஃபேனுக்கு எதிரே பிடித்தேன். தாள் ஃபேனை நோக்கி இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். அது என் முகத்தில் வந்து அடித்தது. பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மோட்டார் தலைகீழாகச் சுற்றி, உள்ளே போக வேண்டிய காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. பின்னால் ரேடியேட்டர் ஃபேன் ஒரு பக்கம் இழுக்க, இவை மறுபக்கம் தள்ள, நடுவில் மாட்டிக்கொண்ட இன்டர்கூலர் என்ன செய்யும்?

டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்கு அனுப்புகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுமே, அதே கதைதான். 35 டிகிரி காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால் டர்போவை விட்டு வெளியே வரும்போது 100 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று லேசானது. 10 டிகிரி கூடினால் உள்ளே போகும் காற்று சுமார் 3 சதவீதம் குறையும். அதைக் குளிர்விக்கத்தான் இன்டர்கூலர். சேலம் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். மேலே போனால் காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைகிறது. அதை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும், காற்று இன்னும் சுடும். நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் ஒரு பஸ் போனால் முதல், இரண்டாவது கியரிலேயே உருள வேண்டியதுதான்.

ஆகவே ஃபேன் யோசனையே தப்பு என்று சொல்ல மாட்டேன். நின்று நின்று போகும் இடத்தில் அதற்கு வேலை உண்டு. ஆனால் ஓமலூர் ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் வேகத்தில் காற்று தானாக வந்து மோதுகிறது. அந்த நேரத்தில் முன்னால் மாட்டிய ஃபேனின் இறக்கையும் மோட்டாரும் வெறும் தடுப்புதான். அதன் நிழலில் ஏசி கண்டென்சரும் ரேடியேட்டரும் சேர்ந்து தவிக்கும். தவிர, இன்டர்கூலர் ரேடியேட்டருக்கு நேர் முன்னால் இருக்கும் வண்டிகளில் ஏசி போட்டாலே கம்பெனி ஃபேன் ஓடி, அத்தனை அடுக்கின் வழியாகவும் காற்றை இழுக்கிறது. அந்த வண்டிக்குத் தனியாக இன்னொன்று எதற்கு?

கருகின வாடைக்கு வருகிறேன். அந்த ஃபேன்களுக்கு லைன் எடுத்திருந்தது ஃபாக் லேம்ப் ஒயரிலிருந்து. இரண்டு 55 வாட் பல்புக்கு, அதாவது 9, 10 ஆம்பியருக்குப் போட்ட ஒயர் அது. ஃபேன் ஒவ்வொன்றும் 8 ஆம்பியர் இழுத்தது. 15 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போக, யாரோ 30 போட்டுவிட்டார்கள். ஃபியூஸ் இருப்பதே ஒயர் வேகாமல் இருக்கத்தான். ஃபியூஸைப் பெரிதாக்கினால் வேகுவது ஒயர். தோல் உருகி, ஹெட்லைட் ஒயர்க் கட்டோடு ஒட்டிக் கிடந்தது. கையால் தொட்டதும் பிசுபிசுவென்று வந்தது. இன்னும் நாலு வளைவு ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரிடம் நான் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தாலே புரிந்துகொண்டார் என்று தெரிந்தது.

போட்டே ஆக வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்து தனி லைன் எடுங்கள். பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ், அப்புறம் ரிலே (சின்ன கரன்ட்டில் பெரிய கரன்ட்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்), 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு ஒயர், பெயின்ட் சுரண்டிய இடத்தில் எர்த். ரிலேயை இயக்கும் லைன் சாவி போட்டால் மட்டும் வர வேண்டும், இல்லாவிட்டால் காலையில் பேட்டரி படுத்துவிடும். இன்டர்கூலரின் மெல்லிய தகடுகளான ஃபின்னுக்குள் பிளாஸ்டிக் டை விட்டு ஃபேனைக் கட்டாதீர்கள். அதிர்வில் உரசி உரசி டியூபில் ஊசித் துளை விழும். தனி பிராக்கெட் செய்து சேஸியில் மாட்டுங்கள். வாரன்டி இருக்கும் வண்டியில் ஒயரை வெட்டுவதற்கு முன் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

சரி, அவர் வண்டியில் முதலில் இழுவை ஏன் குறைந்தது? இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஹோஸின் அடியில் எண்ணெய்க் கசிவு போல ஒரு ஈரம். காற்று கொடுத்துச் சோப்புத் தண்ணீர் தெளித்தோம், கிளாம்புக்குப் பக்கத்தில் நுரை பொங்கியது. கட்டைவிரல் நகம் அளவுக்குக் கூட இல்லாத வெடிப்பு. சமவெளியில் அரை ஆக்சிலேட்டரில் தெரியாது. மேட்டில் முழு அழுத்தம் கேட்கும்போது அந்த வழியாகத்தான் காற்று புஸ்ஸென்று போகிறது. ஃபின்களில் பூச்சியும் வெள்ளைப் புழுதியும் அப்பியிருந்தன. அவர் வீடு கருப்பூர்ப் பக்கம், வெள்ளைக்கல் சுரங்கத்து மண். வாட்டர் சர்வீஸில் அழுத்தமாக அடித்ததில் ஒரு மூலையில் ஃபின் மொத்தமும் மடங்கிக் கிடந்தது. ஹோஸை மாற்றி, மெதுவான தண்ணீரில் கழுவி, மடங்கியதைச் சீப்பால் நிமிர்த்தி, ஃபேன்களைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு மேலே போய்ப் படகுத்துறையில் நின்று போன் செய்தார். மூன்றாவது கியரிலேயே ஏறிய வளைவுகளை எண்ணிச் சொன்னார்.

நானே ஆசைப்பட்டு ஃபேன் போட்ட வண்டி ஒன்று உண்டு. இன்டர்கூலர் எஞ்சின் தலைமேல் உட்கார்ந்து, பானெட்டில் காற்று வாங்கும் மூக்கு வைத்த பழைய வண்டி. காபி எஸ்டேட்டுக்குள் நாள் முழுக்க நடைவேகத்தில் ஊர்வது, கீழே எஞ்சின் சூடு, மேலே மூக்கில் காற்றே இல்லை. அதற்குச் சரியான இடத்தில் ஒரே ஒரு ஃபேன், டெம்பரேச்சர் ஸ்விட்சோடு. அதற்கும் காலண்டர் தாளைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பானெட்டை மூடினேன்.