விமானிகளுக்குச் சில விமானங்களை மட்டும் ஏன் அவ்வளவு பிடிக்கிறது?

கோலாலம்பூரில் விமானி வேலை பார்க்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், ஓட்டியதிலேயே எந்த விமானம் ரொம்பப் பிடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். முதலில் பெரிய பெயர்கள் வரும்: 747, 777, ஏ380. பேச்சு சூடுபிடித்து இரண்டாவது தே தாரேக் மேசைக்கு வந்தபிறகு பட்டியல் மாறும். 2004லேயே உற்பத்தி நின்றுபோன போயிங் 757 வரும். பயிற்சிக் காலத்தில் ஓட்டிய குட்டிச் செஸ்னா வரும். சுபாங்கிலிருந்து பினாங்குக்குப் பறக்கும் ஏடிஆர் 72 வரும். புரொபெல்லரைப் பார்த்ததும் பயணிகள் பலர் முகம் சுளிப்பார்களே, அதே விமானம்தான்.

வேகம், விலை, சொகுசு எதை வைத்துப் பார்த்தாலும் இந்தப் பட்டியலில் ஒழுங்கு இருக்காது. இவற்றுக்குப் பொதுவாக இருப்பது வேறு. விமானம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது ஓட்டுபவரின் கைக்கும் காலுக்கும் உடனே தெரிகிறது. அவர் கேட்டதை அது தாமதிக்காமல் செய்கிறது. வெறும் ரசனை என்று இதைத் தள்ளிவிட முடியாது. கைக்கு எவ்வளவு கனம் வர வேண்டும் என்பதைப் பொறியாளர்கள் நியூட்டன் கணக்கில் அளந்து வடிவமைக்கிறார்கள்.

பினாங்குப் பாலத்தில் கார் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது உள்ளங்கையை வெளியே நீட்டினால் காற்று எவ்வளவு தள்ளுமோ, 80இல் அதைப்போல் நான்கு மடங்கு தள்ளும். (செய்து பார்க்க வேண்டாம், இடதுபக்கம் மோட்டார்சைக்கிள் வரும்.) காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. விமானத்தின் இறக்கை நுனியில் இருக்கும் ஏலரான், வாலில் இருக்கும் எலிவேட்டர், ரட்டர் ஆகிய மூன்றுமே கீலில் அசையும் பலகைகள்தான். ஏலரான் விமானத்தைச் சாய்க்கும். எலிவேட்டர் மூக்கை ஏற்றி இறக்கும். ரட்டர் பக்கவாட்டில் திருப்பும். பழைய விமானங்களில் ஏலரான், எலிவேட்டரிலிருந்து வரும் கம்பிவடம் நேராக விமானி பிடித்திருக்கும் யோக்கில், அதாவது ஸ்டியரிங் போன்ற கைப்பிடியில் முடியும்; ரட்டரின் கம்பிவடம் காலடியில் இருக்கும் மிதிகளில் முடியும். பலகையைக் காற்று தள்ளும் தள்ளு அப்படியே உள்ளங்கைக்கும் காலுக்கும் வந்து சேரும்.

இதனால் கிடைக்கும் தகவல் கொஞ்சநஞ்சமல்ல. வேகம் கூடினால் யோக் இறுகும், குறைந்தால் தளரும். நிலைத்தன்மை சரியாக அமைந்த விமானத்தில், 'டிரிம்' செய்து வைத்த, அதாவது கையால் பிடிக்காமலே பறக்கும்படி சரிப்படுத்தி வைத்த வேகத்துக்குக் கீழே போனால் மூக்கு தானாகத் தாழப் பார்க்கும். அதைத் தூக்கிப் பிடிக்க யோக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வேகமானியைப் பார்க்காமலே, 'மெதுவாகிக்கொண்டிருக்கிறோம்' என்று முன்னங்கை சொல்லிவிடும். இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலைக்கு அருகே வந்தால், கலங்கிய காற்று வாலில் அடித்து யோக் அதிரத் தொடங்கும்.

கனம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதிலும் ஒரு பழைய கணக்கு உண்டு. ஏலரானுக்கு ஒரு பங்கு, எலிவேட்டருக்கு இரண்டு, ரட்டருக்கு நான்கு. மணிக்கட்டு செய்யும் வேலை லேசாகவும், கால் செய்யும் வேலை கனமாகவும் இருந்தால் உடம்புக்கு மூன்றும் ஒத்துப்போகும். 'கையோடு ஒட்டிக்கொள்கிறது' என்று விமானிகள் ஒரு விமானத்தைப் புகழ்ந்தால் பெரும்பாலும் இந்த விகிதம் அதில் நன்றாக அமைந்திருக்கும்.

ஆனால் பிரியம் முழுக்கக் கணக்குக்கு அடங்குவதில்லை. உலகத்திலேயே அதிகம் காதலிக்கப்பட்ட போர்விமானம் ஸ்பிட்ஃபயர் என்றால் மறுப்பவர்கள் குறைவு. அதன் எலிவேட்டர் இறகுபோல் லேசு. ஏலரானோ தொடக்கத்தில் துணி போர்த்தியது. வேகம் மிக அதிகமானால் துணி உப்பிக்கொள்ளும், ஏலரான் அசைய மறுக்கும். 1941 வாக்கில் உலோகத் தகடு போர்த்திய ஏலரான் வந்தபிறகுதான் கைகளுக்கு நிம்மதி. குறையோடுதான் அதை நேசித்தார்கள். இந்த விமானத்துக்கும் நம் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு: பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்பிட்ஃபயர்கள் கடைசியாகத் தாக்குதலுக்குப் பறந்தது மலாயாவில்தான், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்து நடந்த அவசரகாலத்தின்போது, 1951 ஜனவரி 1 அன்று.

சரி, எல்லா விமானத்தையும் கம்பிவடம் கட்டியே ஓட்டலாமே? முடியாது. விமானத்தின் அளவை எல்லாப் பக்கத்திலும் இரட்டிப்பாக்கினால் பலகையின் பரப்பு நான்கு மடங்காகும். கீலிலிருந்து காற்றின் தள்ளு விழும் தூரமும் இரட்டிப்பாகும். ஆக, கைக்கு வரும் சுமை எட்டு மடங்கு. வேகமும் இரட்டித்தால் இன்னொரு நான்கு மடங்கு, மொத்தம் 32. ஜெட் யுகத்தில் ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தம் வந்து இந்தச் சுமையைத் தோளில் ஏற்றிக்கொண்டது. எந்தப் பலகையையும் சுண்டுவிரலால் அசைக்கலாம் என்று ஆனது. ஆனால் காற்று கைக்குச் சொல்லிக்கொண்டிருந்த செய்தியும் அதோடு நின்றது. அது வெறும் சௌகரியப் பிரச்சினை அல்ல, ஆபத்து. அதிவேகத்தில் அறியாமல் யோக்கைச் சற்று அதிகமாக இழுத்தால்கூட விமானத்தின் உடல் தாங்கும் எல்லை தாண்டிவிடும்.

அதனால் எடுத்த கனத்தைத் திரும்ப வைத்தார்கள், செயற்கையாக. போயிங் 737இன் வால் பகுதியில் இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தை அளந்து, வேகத்துக்கேற்ப யோக்கை இறுக்குவதும் தளர்த்துவதும்தான் அதன் வேலை. விமானி உணர்வது உண்மையான காற்றை அல்ல, காற்றைப் பற்றி ஒரு இயந்திரம் சொல்லும் சேதியை.

ஏர்பஸ் ஏ320 இன்னும் ஒரு படி மேலே போனது. 1987இல் முதன்முறை பறந்த இந்த விமானத்தில் யோக்கே கிடையாது. பக்கவாட்டில் ஒரு ஜாய்ஸ்டிக். அதை எவ்வளவு வளைத்தாலும் எதிர்ப்பது உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மட்டுமே. வேகம் எதுவானாலும் அதே கனம். வலப்பக்கம் சாய்த்தால், 'இந்த வேகத்தில் சாயட்டும்' என்ற கட்டளை கணினிக்குப் போகிறது. கையை விட்டால், ஓரளவு சாய்வு வரை, சாய்ந்த நிலையிலேயே விமானம் நிற்கும். டிரிம் வேலையையும் கணினியே பார்த்துக்கொள்கிறது. ஒரு கேப்டனின் கையசைவு அடுத்த இருக்கையில் இருப்பவரின் ஜாய்ஸ்டிக்கில் தெரியாது, இரண்டுக்கும் இணைப்பு இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி தரையிறக்கம். வழக்கமான விமானத்தில் ஓடுபாதைக்கு மேல் வேகம் குறையக் குறைய மூக்கு தாழும். விமானி மெல்ல இழுத்துப் பிடித்து உட்கார வைப்பார். ஏ320இன் கணினிக்கு விட்டால் மூக்கு தாழவே தாழாது. அப்படியானால் விமானியின் கைக்குப் பழகிய அசைவு என்னாவது? அதனால் 50 அடி உயரத்தில் கணினி மூக்கின் கோணத்தைக் குறித்துக்கொள்ளும். 30 அடிக்கு இறங்கியதும் தானே மூக்கை மெதுவாகக் கீழே தள்ளத் தொடங்கும். விமானி இழுக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பழைய விமானத்தின் குணத்தைப் புதிய விமானம் நடித்துக் காட்டுகிறது!

போயிங் 777உம் கணினி வழியாகவே ஓடுவதுதான். ஆனால் போயிங் யோக்கை விடவில்லை. ஆட்டோபைலட் திருப்பினால் யோக்கும் கூடவே திரும்பும். வேகத்தை மாற்றினால் விமானி திரும்ப டிரிம் செய்ய வேண்டும், கம்பிவடக் காலத்தைப் போல. மலேசியா ஏர்லைன்ஸின் 777 ஒன்று 1997 ஏப்ரலில் சியாட்டலிலிருந்து எங்கும் நிற்காமல் சுபாங் வந்து இறங்கியது. 20,044 கிலோமீட்டர், 21 மணி நேரத்துக்கு மேல். அன்றைக்கு அது உலக சாதனை. இந்த இரண்டு கம்பெனிகளில் எது சரி என்று விமானிகளிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள், விடிந்துவிடும். என் கட்சி போயிங் பக்கம்தான். ஆனால் களைத்துப்போன அதிகாலை மூன்று மணிக்கு ஏ320இன் கணினி தரும் காவலையும் யாரும் குறைத்துப் பேச முடியாது.

கைக்கு அப்புறம் முதுகு, விமானம் சீறிக் கிளம்பும்போது இருக்கையில் அழுந்தும் முதுகு. 757இன் மீதுள்ள மோகம் இங்கே இருக்கிறது. இரட்டை இயந்திர விமானம் புறப்படும்போது ஒன்று நின்றுபோனாலும் மற்றதை வைத்து மேலே ஏறியாக வேண்டும் என்பது விதி. நான்கில் ஒன்று நின்றால் கால்பங்கு உந்துவிசைதான் போகும். இரண்டில் ஒன்று நின்றால் பாதியே போய்விடும். ஆக, இரட்டை இயந்திர விமானத்தில் இரண்டும் நன்றாக ஓடும் சாதாரண நாளில் நிறைய உபரி விசை கையில் இருக்கும். ஏறும் கோணத்தை முடிவு செய்வதும் இந்த உபரிதான்: உந்துவிசையிலிருந்து காற்றின் இழுவையைக் கழித்து எடையால் வகுத்தால் போதும். குறுகிய பயணத்துக்கு எரிபொருள் கொஞ்சமாக ஏற்றி 80 டன்னில் நிற்கும் 757இன் உந்துவிசை, அதன் எடையில் சுமார் 45 விழுக்காடு. நீண்ட தூரத்துக்கு முழுச் சுமையோடு கிளம்பும் நான்கு இயந்திர ஏ340-300க்கு அது 22 விழுக்காடுதான். இரண்டையும் இப்படி ஒப்பிடுவது நியாயமில்லை, தெரியும். இருந்தாலும் ஏ340 மேலே ஏறுவதில்லை, பூமி வளைந்திருப்பதால்தான் தரை விலகுகிறது என்று விமானிகள் கிண்டல் செய்வது சும்மா வந்ததில்லை.

நம் ஊர் வெயிலும் இதில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். விமானக் கையேடுகளின் அடிப்படைக் கணக்கு 15 பாகை வெப்பத்துக்கு. கோலாலம்பூரில் மதியம் 33 பாகை என்றால் காற்றின் அடர்த்தி சுமார் 6 விழுக்காடு குறைவு. ஈரப்பதம் இன்னும் கொஞ்சம் குறைக்கும். இறக்கைக்கும் இயந்திரத்துக்கும் தீனி குறைகிறது. ஓடுபாதையில் ஓட்டம் நீளும், ஏற்றம் மந்தமாகும். போதாக்குறைக்கு மதியத்துக்குமேல் திரளும் மேகங்களின் குலுக்கல் வேறு. சின்ன விமானம் ஓட்டக் கற்பவர்களுக்குக் காலை நேரம் பிடித்துப்போவது இதனால்தான்.

ஏடிஆருக்கு வருவோம். இரட்டை இயந்திரம், சுமார் 22 டன் எடை, 27 மீட்டர் இறக்கை. இவ்வளவு பெரிய விமானத்தில் ஏலரானும் எலிவேட்டரும் இன்றும் கம்பிவடத்திலும் தண்டிலும்தான் அசைகின்றன. பலகையின் ஓரத்தில் உள்ள சின்னப் பட்டைகள் காற்றையே வேலைக்காரனாக்கிச் சுமையைக் குறைக்கின்றன. அதன் புரொபெல்லர்கள் எப்போதும் வேகமாகச் சுற்றிக்கொண்டே இருப்பவை. விசையைக் கூட்ட இலைகள் கோணத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். ஜெட் இயந்திரம் அடக்கமான நிலையிலிருந்து முழு வேகத்துக்கு வரச் சில வினாடிகள் எடுக்கும். புரொபெல்லர் தள்ளும் காற்று இறக்கையின் மேலும் பாய்வதால், ஏடிஆரில் விசையைக் கூட்டும் லீவரை முன்னே தள்ளியதும் தூக்குவிசையும் உடனே கூடுகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. இரண்டு புரொபெல்லரும் ஒரே திசையில் சுற்றுகின்றன. விசையைக் கூட்டினால் மூக்கு இடப்பக்கம் போகப் பார்க்கும், குறைத்தால் வலப்பக்கம். எதிர்ப்பக்க ரட்டர் மிதியைக் காலால் அழுத்தித்தான் அதை நேராக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் ஏடிஆர் கேப்டன் இதை மாமாக் கடையில் செய்தே காட்டினார். வலது கையை மேசைமேல் லீவர்போல் முன்னே நகர்த்தினார். மேசைக்கு அடியில் அவருடைய வலது கால் தானாகவே அழுந்தியது. கையைப் பின்னுக்கு இழுத்தார், இடது கால் அழுந்தியது. "ஜெட்டுக்குப் போனப்புறம் கால் ரெண்டும் சும்மா கெடக்குது தம்பி" என்றார். "உங்களுக்கு அது குறையாண்ணே?" என்று கேட்டதற்குச் சிரித்தாரே தவிர பதில் இல்லை.

பினாங்கு பாயான் லெப்பாஸில் இறங்கும்போது இதெல்லாம் ஒன்றாக வந்து சேரும். ஒரு பக்கம் கடல், மேற்கே மலைகள். மலையைத் தாண்டி வரும் காற்று ஓடுபாதையருகே ஒரே சீராக இருக்காது. கடைசி சில மீட்டரில் தரையே குறுக்கிடுகிறது. இறக்கை நுனியில் சுழலும் காற்றுக்குத் தரை இடம் கொடுக்காததால், தூக்குவிசையோடு பிறக்கும் இழுவை குறைந்துவிடும். இறக்கையின் முழு நீளத்தில் கால்பங்கு உயரத்தில் அது சுமார் 23 விழுக்காடு குறையும். பத்தில் ஒரு பங்கு உயரத்தில் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். கொஞ்சம் கூடுதல் வேகத்தோடு வந்தவரின் விமானம் இறங்க மனமில்லாமல் மிதந்துகொண்டே போகும். இறக்கை உடலுக்கு மேலே இருக்கும் ஏடிஆரைவிட, இறக்கை தாழ்ந்த விமானங்களில் இந்த மிதப்பு அதிகம்.

இந்தச் சில வினாடிகள் எத்தனை தடவை கிடைக்கின்றன என்பதில்தான் வேலைக்கு வேலை வித்தியாசம். சுபாங்கிலிருந்து பினாங்குக்கு ஒரு மணி நேரம்போல ஆகும். ஏடிஆர் விமானிக்கு ஒரே நாளில் பல புறப்பாடு, பல தரையிறக்கம். கண்டம் தாண்டிப் பறக்கும் பெரிய விமானத்தின் விமானிக்கு ஒரு பயணத்துக்கு ஒன்றே ஒன்று, அதையும் காக்பிட்டில் கூட இருப்பவர்களோடு பங்கு போட வேண்டும். 90 நாளில் மூன்று புறப்பாடு, மூன்று தரையிறக்கம் இருந்தாக வேண்டும் என்பது பொதுவான விதி. கணக்கு குறைந்தால் சிமுலேட்டரில் உட்கார்ந்து நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். சம்பளம் மட்டும் பெரிய விமானத்தில்தான் அதிகம்.