ஏசுதாஸ், யேசுதாசன், ஜேசுதாசன்: காவல் நிலையக் கணினி ஆளைத் தேடும் விதம்

தமிழக-கேரள எல்லையில், களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் நிறுத்திய வண்டி ஒன்று. ஓட்டுநர் உரிமத்தில் 'ஏசுதாஸ்' என்றிருக்கிறது. கேரளத்தின் பாறசாலைக் காவல் நிலைய வழக்கு ஒன்றில் 'யேசுதாசன்', குமரியின் தக்கலைக் காவல் நிலைய வழக்கு ஒன்றில் 'ஜேசுதாசன்' என்று பதிவு இருந்தால், ஆள் ஒருவரா மூவரா?

காவல் நிலையங்களைக் கணினியில் இணைக்கும் சிசிடிஎன்எஸ் திட்டத்துக்கு மத்திய அரசு 2009-ல் ஒப்புதல் தந்தது. கணினி வாங்குவதும் கேபிள் இழுப்பதும் பணமிருந்தால் நடக்கும். பெயர் பொருத்துவதில்தான் தலைவலி.

பழைய வழி, ஒலியை வைத்துப் பெயர் பொருத்தும் சவுண்டெக்ஸ். 1918-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. ஆங்கில எழுத்தில் எழுதிய பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்து, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, மெய்களை ஒலிக்கூட்டமாகப் பிரித்து மூன்று இலக்கம் கொடுக்கும். B-யும் P-யும் ஒரே எண்; K-யும் G-யும் ஒரே எண். ஒரே 'ப', ஒரே 'க' வைத்திருக்கும் நமக்கு இது தற்செயலாக வாய்த்த வசதி. மேலே சொன்ன மூன்று பெயருக்கும் 232 என்றே வரும். ஆனால் முதலெழுத்து இ, ஒய், ஜே என்று பிரிவதால் மூன்றும் மூன்று பெட்டிக்குள் போய்விடும். ஜோசப், யோசேப்பு, ஓசேப்பு கதையும் இதுவே. குமரி மாவட்டத்துக்கு இந்த முதலெழுத்துகளை ஒன்றாகப் பாவிக்கும் தனி அட்டவணை வேண்டும்.

இன்னொரு வழி, ஒரு பெயரை மற்றொன்றாக மாற்ற எத்தனை திருத்தம் என்று எண்ணுவது. சோவியத் கணிதவியலாளர் லெவன்ஷ்டைன் 1965-ல் சொன்னது. ஆங்கில எழுத்தில் முருகனை முருகேசன் ஆக்க இரண்டே திருத்தம். ஜேசுதாசனை, நடுவில் 'ஹெச்' சேர்த்து எழுதிய யேசுதாஸ் ஆக்க நான்கு. வேறு ஆள் பக்கத்தில் வருகிறார், அதே ஆள் தள்ளிப் போகிறார்! அதனால் எல்லாத் திருத்தத்துக்கும் ஒரே விலை போடக்கூடாது. 'ஹெச்' வந்தாலும் போனாலும் சுழியம், கடைசி 'அன்' கால் மதிப்பு, நடுவில் புது அசை நுழைந்தால் முழு மதிப்பு என்பதுபோல வைக்கலாம்.

தமிழிலேயே தட்டச்சு செய்தாலும் பிரச்சினை தீராது. 'கௌரி', 'கெளரி' இரண்டும் கண்ணுக்கு ஒன்று. முதலாவதில் ஔகாரக் குறி. இரண்டாவதில் 'கெ'வும் 'ள'வும் தனித்தனி. கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில், ஒரே எழுத்தின் வெவ்வேறு பதிவுகளை ஒன்றாக்கும் வழக்கமான சீராக்கம் இதைத் திருத்தாது. ஒற்றைக்கொம்புக்குப் பின் குறியோ புள்ளியோ இல்லாத 'ள' வந்தால் ஔகாரமாக மாற்று என்று விதி எழுத வேண்டும். கெளுத்தி மீனின் 'ளு' தப்பிவிடும். அதற்குக் குறி இருக்கிறதே.

இனிஷியல் நம் பக்கம் முன்னால், கேரளத்தில் பின்னாலும் வரும். 1956 நவம்பர் 1-ல்தான் தமிழகத்தோடு சேர்ந்தது குமரி மாவட்டம். முதியவர்களின் சான்றிதழில் இரண்டு வழக்கமும் கிடக்கும். எனவே இனிஷியலுக்குத் தனிக் கட்டம். 'என்ற' போட்டு எழுதும் பட்டப்பெயருக்கும் தனிக் கட்டம். பெயரோடு ஒட்டினால் தேடலில் சிக்காது. வயதும் சிக்கல்தான். 2014-ல் 'வயது 35' என்று பதிந்ததை அப்படியே விட்டால் ஆளுக்கு என்றும் 35. உத்தேசப் பிறந்த ஆண்டாக 1979 என்று வைத்து, முன்பின் ஐந்தாண்டு தேடலாம்.

இத்தனைக்கும் பிறகு கிடைப்பது வரிசைப்படுத்திய பட்டியல்தான். ஆளை உறுதிசெய்யக் கைரேகை. 2022-ல் தொடங்கிய தேசியக் கைரேகைத் தரவுத்தளமான நாஃபிஸ், கைதானவருக்குப் பத்து இலக்க எண் தருகிறது. காணாமல்போன பெரியவருக்கும் சாட்சிக்கும் அந்த எண் கிடையாது. அவர்களைத் தேட மறுபடியும் பெயர்தான்.