முகவரி இல்லை என்று திருப்பி அனுப்பினால்

மட்டக்களப்பு நகரில் ஆறு மாதத்துக்கு ஒரு வாடகை அறை என்று மாறுகிற குடும்பங்கள், உறவுக்காரர் வீட்டு விறாந்தையில் படுக்கிற பொடியன்மார், வேலை செய்யும் கடையிலேயே உறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு உதவி கிடையாது என்று எந்தக் கந்தோரிலும் சொல்வதில்லை. “முதலில் அடையாள அட்டையைக் கொண்டு வாங்க” என்பார்கள். எல்லாம் அதோடு நின்றுவிடும். அட்டை இல்லாமல் வங்கிக் கணக்குத் திறக்க முடியாது, கணக்கு இல்லாமல் அரசாங்கம் வறிய குடும்பங்களுக்குத் தரும் அஸ்வெசும காசு வராது.

15 வயதானால் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பாடசாலைப் பிள்ளைக்கு அதிபர் மூலம் போய்விடும். இடையில் நின்ற பிள்ளைக்கு ஜி.எஸ். (கிராம உத்தியோகத்தர்) உறுதிப்படுத்த வேண்டும். அவர் வாக்காளர் இடாப்பைப் புரட்டி “உங்கட பேர் இல்லையே” என்பார். எப்படி இருக்கும்? வாடகைக்கு இருப்பவர் பேரை இடாப்பில் போட வீட்டுக்காரர் விடுவதில்லை.

எனக்குத் தெரிந்த 19 வயதுப் பொடியனை இரண்டு ஜி.எஸ்.மார் நாலு மாதம் மாற்றி மாற்றி அனுப்பினார்கள். இரண்டு பிரிவுக்கும் நடுவில் ஒரு றோட்டுத்தான். ஒவ்வொரு அலைச்சலுக்கும் ஒரு நாள் கூலி போனது. கடைசியில் பிரதேச செயலகத்தில் நிர்வாக கிராம உத்தியோகத்தரிடம் கூட்டிப் போனேன். அவர் இரண்டு பேருக்கும் போன் எடுத்தார், அந்தக் கிழமையே கையெழுத்துக் கிடைத்தது. இப்படி ஒருவர் அங்கே இருப்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஜி.எஸ். இரண்டாம் தடவை திருப்பினால் நேரே அவரிடம் போங்கள்.

அட்டைக்கான படத்தைக் கண்ட இடத்தில் எடுக்காதீர்கள். ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்டூடியோவில் எடுத்து, அவர்கள் தரும் துண்டைப் பத்திரமாக வையுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதி எடுக்கலாம். பிறப்பே பதியப்படாவிட்டால் அது வேறு வேலை. பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரைக் கண்டு, காலங்கடந்த பதிவா, உத்தேச வயதுச் சான்றிதழா என்று கேளுங்கள். புரோக்கரிடம் காசு கொடுக்க வேண்டாம்.

அஸ்வெசுமவில் பலர் விழும் குழி வேறு. 22 சுட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள், வீட்டின் நிலையும் சொத்தும் அதில் உண்டு. அண்ணன் வீட்டு மூலையில் ஒதுங்கியிருக்கும் குடும்பத்தை அவர் குடும்பத்தோடு சேர்த்து எழுதிவிட்டால், அவருடைய கல்வீடு உங்கள் கணக்கில் ஏறிவிடும். தனியாகச் சமைத்துச் சாப்பிட்டால் தனிக் குடும்பம் என்று கணக்கெடுக்க வரும்போதே அழுத்திச் சொல்லுங்கள். தவறாக எழுதிவிட்டால் மேன்முறையீட்டுக் காலத்தைத் தவறவிடாதீர்கள். 1924க்கு அழைத்துத் திகதியைக் கேட்கலாம்.

இன்னொன்று. வறுமையைச் சொல்லி “பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் விடுங்க” என்று யாராவது கேட்டால் அந்த இடத்திலேயே கையெழுத்து வைக்காதீர்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். அவரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்றால் சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

போகிற இடமெல்லாம் ஒரு கொப்பியில் திகதியையும் உத்தியோகத்தரின் பதவியையும் எழுதுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பம் கொடுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பம் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.